தத்துவ போதகரும் திருநாமமும்

பத்துக் கட்டளைகளுள் இரண்டாவதாக நிற்பது, ஆண்டவருடைய திருநாமத்தை வீணாக எடுக்கலாகாது என்பதாகும். பிற கிறிஸ்தவ சபையார் சிலர் இதனை மூன்றாவதாக எண்ணுவர். எண் மாறினாலும் கட்டளை ஒன்றே. ஞானோபதேச வகுப்பில் இதன் பொருளைக் கேட்டால், பொய்யாணை இடக்கூடாது, கோபம் வந்தபோது இறைவன் பெயரைச் சொல்லித் திட்டக்கூடாது என்று எல்லோரும் ஒரே மூச்சில் விடை கூறுவோம். விடை சரியானதுதான். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதற்குக்கூட மாதா மேல் சத்தியம் செய்யும் தோழியர் இல்லாத பள்ளி உண்டோ? தேனிச் சந்தையில் ஒரு கூடை தக்காளியின் விலைக்குச் சாட்சியாகச் சாமி எத்தனை முறை அழைக்கப்படுகிறார் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா.

ஆயினும் இக்கட்டளையை மீறுவதற்கு இதனினும் பெரிய வழி ஒன்று உண்டு. இறைவனின் பெயரை நம்முடைய நாட்டுக்கும், குலத்துக்கும், பெருமைக்கும் முத்திரையாக ஒட்டிக்கொள்வதே அது. பொய்ச் சத்தியம் செய்பவருக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தலாவது இருக்கும். இப்படிச் செய்கிறவருக்கோ தாம் தவறு செய்கிறோம் என்ற எண்ணமே தோன்றாது. இவ்வழக்கில் வாழ்நாளெல்லாம் சிக்கியிருந்த ஒருவர் நம் மதுரைச் சீமையில் வாழ்ந்தார். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நோபிலி அடிகளே அவர்.

நோபிலி 1577-ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்தார். திருத்தந்தையர் இருவர் அவருடைய உறவினர். புனித கர்தினால் பெல்லார்மினும் அவருக்கு உறவே. குடும்பத்தார் தடுத்தும் கேளாமல் இயேசு சபையில் சேர்ந்தார். 1605-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் கற்றார். 1606-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையை அடைந்தார். அப்போது மதுரையை ஆண்டவர்கள் நாயக்க மன்னர்கள். போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் என்று இன்றளவும் அக்காலத்தின் அடையாளத்தைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர்கள் நம் பகுதியில் எத்தனை!

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு குருவானவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்பது அவர் பெயர். முன்னர்ப் போர்வீரராயிருந்த போர்த்துக்கீசியர். அவரை நாம் எளிதாகக் குறை கூறிவிடலாகாது. ஒரு பள்ளியும் சிறு மருத்துவ நிலையமும் நடத்தி, பத்து ஆண்டுகளுக்கு மேல் பொறுமையோடு உழைத்தவர் அவர். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்த்துக்கீசிய வணிகரையும் கவனித்து வந்தார். ஆனால் அத்தனை ஆண்டுகளில் மதுரை மக்களுள் ஒருவர்கூட அவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை. மக்கள் அவரை வெறுத்தனர் என்றும் சொல்ல முடியாது. மரியாதையோடு ஒதுங்கியே நின்றனர். ஏன் என்று நோபிலி விசாரிக்கலானார்.

காரணம் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. அச்சொல் பரங்கி என்பது. மேனாட்டவரைக் குறிக்கக் கீழை நாடுகளில் வழங்கிய பிராங்கி என்னும் சொல்லே நம் நாட்டில் பரங்கி ஆயிற்று. சென்னையில் பரங்கிமலையும், கடற்கரையில் பரங்கிப்பேட்டையும் அதனால் பெயர் பெற்றவை. அக்காலத்து மதுரை மக்களின் வாயில் அச்சொல் வெறும் நாட்டுப் பெயர் அன்று. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், ஒழுக்கம் அற்றவர் என்னும் அத்தனையும் சேர்ந்த இழிசொல் அது. வியப்பு என்னவென்றால், இவ்விழிசொல்லைக் குருக்களே தங்கள் வேதத்தின் பெயராக ஏற்றுக்கொண்டிருந்தனர். திருமுழுக்குப் பெற வருகிறவரிடம் கிறிஸ்துவின் மார்க்கத்தில் சேர விருப்பமா என்று கேட்க வேண்டிய இடத்தில், பரங்கிக் குலத்தில் புக விருப்பமா என்று பொருள்படும்படி கேட்டு வந்தனர்.

தோழியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தை, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீர் வார்க்கும் நேரம். அந்த நேரத்தில் இறைவனுடைய பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாட்டாரின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. எவரும் வஞ்சகமாக இதைச் செய்யவில்லை. மொழி சரியாகத் தெரியாமையாலும், தாமே கிறிஸ்தவம், கிறிஸ்தவமே தாம் என்று எண்ணிப் பழகிவிட்டமையாலும் நேர்ந்த பிழை. ஆனால் அதன் விலை பெரிது. கிறிஸ்துவை ஏற்பதா என்ற கேள்வியே மதுரை மக்கள்முன் வைக்கப்படவில்லை. பரங்கியாவதா என்ற கேள்விதான் வைக்கப்பட்டது. அதற்கு அவர்கள் மாட்டோம் என்றனர். நாமாயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

நோபிலி கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தி, பாதக்குறடு தரித்து, கையில் கமண்டலமும் தண்டும் ஏந்தினார். புலால் உணவை நீக்கினார். நாளுக்கு ஒரு வேளை மட்டும் சோறும் கீரையும் உண்டு, மண்சுவர்க் குடிசையில் தனித்து வாழ்ந்தார். பெர்னாண்டஸ் பள்ளியில் கற்பித்த இந்து ஆசிரியர் ஒருவரோடு இருபது நாட்கள் தொடர்ந்து வாதம் நடந்தது. முடிவில் அந்த ஆசிரியரே முதற்கண் திருமுழுக்குப் பெற்றார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் நோபிலி வடமொழி பயின்றார். ஐரோப்பியருள் முதல் வடமொழி அறிஞர் என்று பிற்காலத்தில் மாக்ஸ் முல்லர் அவரைப் போற்றியதற்கு வித்து இங்கே விழுந்தது. 1609-இல் சிவதருமரும் திருமுழுக்குப் பெற்றார்.

தமிழுக்கு அவர் செய்தது தனியே சொல்லத்தக்கது. அவருக்கு முன்பே 1578-இல் கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கஸ் அடிகள் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சிட்டிருந்தார். இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது நம் தமிழே என்ற பெருமை அதனால் வந்தது. எனினும் செபங்களில் போர்த்துக்கீசியச் சொற்களே மலிந்திருந்தன. பூசையைக் குறிக்க அவர்கள் வழங்கிய மிசா என்னும் சொல் உருமாறித் தமிழர் காதில் மீசை என்று விழுந்ததாம்! ஞாயிறுதோறும் மீசைக்கு வாருங்கள் என்று அழைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்? நோபிலி அச்சொற்களை நீக்கினார். பூசை, கோயில், குரு, அருள், ஞானஸ்நானம் முதலிய சொற்களைக் கிறிஸ்தவர் நாவில் நிலைக்கச் செய்தவர்களுள் அவர் தலையானவர். இறைவனைச் சருவேசுரன் என்று அழைத்தார். எல்லாவற்றுக்கும் ஈசன் என்பது அதன் பொருள். யாருக்குச் சொந்தம் என்று அப்பெயரில் ஒரு குறிப்பும் இல்லை பாருங்கள். இன்று திருப்பலி என்று நாங்கள் சொன்னாலும், ராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் பாட்டிமார் பூசைக்கு நேரமாயிற்று என்றே சொல்லிப் புறப்படுவர்.

இனி, நாம் மிகவும் யோசித்த இடத்துக்கு வருகிறோம்.

நோபிலியும் பரங்கியே என்ற பேச்சு மதுரையில் எழுந்தது. அவர் பெர்னாண்டஸிடம் போய்வருவதைப் பலர் கண்டிருந்தனர். அப்போது அவர் ஓர் ஓலையில் தம் மறுமொழியை எழுதித் தம் இல்லத்தின் முன் வைத்தார். தாம் பரங்கி அல்லர், பரங்கியர் நாட்டில் பிறந்தவரும் அல்லர், அவர்களுடைய குலத்தோடு தமக்குத் தொடர்பு இல்லை என்று அதில் எழுதினார். இதற்குக் கடவுளே சாட்சி என்று ஆணையிட்டார். பொய்யானால் தாம் நரக வேதனைக்கு உள்ளாகட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். தாம் உரோமையில் உயர்குலத்தில் பிறந்து துறவு பூண்டவர் என்று விளக்கினார். இறுதியாக ஒன்று சொன்னார். இந்த வேதம் பரங்கியருக்கே உரியது என்றோ ஏதோ ஒரு குலத்துக்கே உரியது என்றோ கூறுபவர் பெரும் பாவம் செய்கிறார். ஏனெனில் சருவேசுரன் எல்லாக் குலத்தாருக்கும் ஆண்டவர் என்பதே அதன் கருத்து.

இந்த ஆணை மெய்யானதா? அந்நாளிலிருந்து இந்நாள்வரை இதைப் பற்றி வழக்கு உண்டு. பரங்கி என்பது போர்த்துக்கீசியரைக் குறித்தால் அவர் சொன்னது முழு உண்மை. அவர் இத்தாலியர். ஒழுக்கம் கெட்டவரைக் குறித்தால் அதுவும் உண்மையே. மேனாட்டுக் கிறிஸ்தவர் எவரையும் குறித்தால்? அங்கேதான் இடறுகிறது. கடலுக்கு அப்பாலிருந்து, அதே போர்த்துக்கீசிய மன்னரின் கப்பலில் ஏறி, அதே கோவா வழியாக வந்தவர்தாமே அவரும்? இதைப் பேசியபோது எங்களுள் சிலர், கேட்பவர் எந்தப் பொருளில் கேட்டாரோ அந்தப் பொருளில் விடை சொல்வது பொய்யாகாது என்றனர். சிலர், மூன்று பொருள் உள்ள சொல்லின்மேல் கடவுளைச் சாட்சிக்கு நிறுத்துவது ஆபத்து என்றனர். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் ஆணையே இட வேண்டாம் என்றும், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றும் இருக்கும்படி கற்பித்தார் அல்லவா? நோபிலியை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் அந்த ஓலையின் பிற்பகுதியே போதுமாயிருந்தது என்பது நம் கருத்து. சருவேசுரன் எல்லாருக்கும் ஆண்டவர் என்ற செய்திக்குச் சத்தியம் தேவைப்படவில்லை. முற்பகுதி அவருடைய பிறப்பைக் காக்கவே எழுதப்பட்டது.

அவருக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து வந்ததைவிட உள்ளிருந்தே அதிகம் வந்தது. பெர்னாண்டஸ் தம் மேலாளருக்கு முறையீடு எழுதினார். நோபிலி புதுக் கிறிஸ்தவர்களைப் பூணூலும் குடுமியும் சந்தனமும் தரிக்க விடுகிறார், தாமும் பூணூல் அணிகிறார், இது வேதத்தை விற்பதன்றி வேறென்ன என்பது குற்றச்சாட்டு. இவையெல்லாம் நாட்டு வழக்கமும் குல அடையாளமுமே அன்றி வழிபாடு ஆகா என்று நோபிலி நூலாதாரங்களோடு மறுமொழி எழுதினார். இருவருமே இறைவன் பெயரால்தான் வாதாடினர். இருவருமே உண்மையாகவே அவரை நேசித்தவர்கள். அதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. தீயவர் ஒருவர் இறைவன் பெயரைக் கெடுத்தார் என்று கதை சொல்வது எவ்வளவு எளிதாயிருக்கும்!

செய்தி உரோமைக்குத் திரிந்து போய்ச் சேர்ந்தது. நோபிலி கிறிஸ்துவையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட கர்தினால் பெல்லார்மின் மனமுடைந்து அவருக்குக் கடிதம் எழுதினார். பின்னர் உண்மையை அறிந்து அவருக்குத் துணை நின்றார். பல ஆண்டுகள் நோபிலியின் பணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1619-இல் கோவாவில் ஆயர்களும் இறையியலாரும் கூடிய சபைமுன் அவர் நிறுத்தப்பட்டார். கோவாப் பேராயர் அவருக்கு எதிராக இருந்தார். விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தா என்பவரோ யாரும் எதிர்பாராமல் அவர் பக்கம் பேசினார். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் 15-ஆம் கிரகோரியார் தீர்ப்பு அளித்தார். பிற சமயச் சடங்கின் சாயல் கலவாதிருப்பின் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை ஏற்கலாம் என்பது தீர்ப்பு.

அதே ஏட்டில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. உயர்குலத்தார் எனப்படுவோர் தாழ்ந்தோர் எனப்படுவோரை இகழலாகாது, அதிலும் இறைவார்த்தை கேட்கும் இடத்திலும் திருவருட்சாதனம் பெறும் இடத்திலும் இகழவே கூடாது என்று திருத்தந்தை மன்றாடிக் கேட்டிருந்தார். அனுமதியை எல்லாரும் நினைவில் வைத்தனர். மன்றாட்டை மறந்தனர்.

இதை எழுதுவது எங்களுக்குக் கசப்பாயிருக்கிறது. ஆனாலும் விடுவதற்கில்லை. பரங்கி என்ற சுவரை இடித்த நோபிலி, சாதி என்ற சுவரை அப்படியே நிற்க விட்டார். உயர்குலத்தாருக்குத் தனிக் கோயில், தனிக் குரு என்று ஏற்பாடு செய்தார். 1640-ஆம் ஆண்டளவில், பிற குலத்தாரிடையே பணிபுரியப் பண்டார சுவாமிகள் என்ற குருக்கள் ஏற்பட்டனர். பண்டார சுவாமிகளே மிகுந்த பலன் கண்டனர் என்பது வரலாறு. ஒரே சபையைச் சேர்ந்த இரு குருக்கள், ஒருவர் அந்தணர்போலவும் ஒருவர் பண்டாரம்போலவும் வாழ்ந்து, வெளிப்படையாகச் சேர்ந்து உண்ணவும் முடியாமல் இருந்தனர். காலத்தையும் சூழலையும் கூறி இதற்குச் சமாதானம் சொல்லலாம். முதற்குடிலை எட்டிப் பார்க்கக்கூட இயலாத காலத்தில் வேறு வழி என்ன என்று அவரைப் போற்றுவோர் கேட்பர். நியாயமான கேள்விதான். எல்லாக் குலத்தாருக்கும் ஆண்டவர் ஒருவரே என்று ஓலையில் எழுதிய கையே இந்த ஏற்பாட்டையும் செய்தது என்பதும் நியாயமான மறுமொழி.

அந்தச் சுவர் நெடுங்காலம் நின்றது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில், ஒரே பீடத்தை நோக்கிய மக்களை இரண்டாகப் பிரித்து மெய்யாகவே சுவர் எழுப்பியிருந்தனர். ஆண்டவர் பெயர் சொல்லி ஒரே நேரத்தில் மண்டியிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி அது கட்டப்பட்டிருந்தது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. இடித்தது பொறுக்காமல் நீதிமன்றம்வரை போனவர்களும் உண்டு. நமக்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. மறைசாட்சி தேவசகாயம் 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அதுவரை அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் விடப்பட்டது. தேவசகாயம் என்ற பெயரே இறைவனின் உதவி என்று பொருள்படும். அதற்குப் பின்னால் ஒரு சாதிப் பெயரை வைத்து இத்தனை காலம் அழைத்துவந்தோம்.

1623-க்குப் பின் நோபிலி சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி என்று நடந்தே பல ஊர்களுக்குச் சென்றார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தம் சமயத்தின்மேல் சுமத்தப்பட்ட பழிகளை மறுக்கும் தூஷணத் திக்காரம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். பாட்டே இலக்கியம் என்றிருந்த காலத்தில் உரைநடையில் இத்தனை எழுதியது அரிய செயல். நடை கடினம், வடசொல் மிகுதி. நாங்கள் சில பக்கங்களைப் படிக்க முயன்று அகராதியைத் தேடி ஓடினோம். 1640-இல் மதுரையில் சிறையிலும் கிடந்தார். கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1640-களின் நடுவில் மேலாளர் கட்டளைப்படி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் வீடாயிருந்த மதுரைப் பணித்தளத்தை விட்டு யாழ்ப்பாணம் சென்றார். பின் மயிலாப்பூர் வந்தார். அங்கும் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில், அதே கீரையும் சோறுமாக வாழ்ந்தார். எழுதக் கண் இல்லாமையால் சீடர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லித் தம் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1656-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், 78-ஆம் வயதில் இறையடி சேர்ந்தார்.

இறந்த பின்னும் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1778-இல் சுவிட்சர்லாந்து நாட்டில் ஏசூர் வேதம் என்றொரு நூல் வெளிவந்தது. பண்டைய இந்திய வேதத்தின் மொழிபெயர்ப்பு என்று கூறி அதை வால்டேர் போன்ற அறிஞரே நம்பினர். அது பிற்காலத்தார் இயற்றிய போலி என்று தெரிந்ததும், பழி நோபிலியின்மேல் விழுந்தது. அவர் மறைந்து நூற்றாண்டு கடந்த பின், தாம் எழுதாத நூலுக்குப் பொய்யர் என்ற பெயர் சுமந்தார். மாக்ஸ் முல்லர் முதலியோர் அவர்மேல் குற்றமில்லை என்று காட்டினர். அவருடைய தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து, 1960-களில் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்துத் தந்தவர் இயேசு சபையின் இராசமாணிக்கம் அடிகளார்.

நோபிலி வகுத்த வழிக்கும் எதிர்ப்பு ஓயவில்லை. 1744-இல் 14-ஆம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் எனப்பட்ட அவ்வழக்கங்களைப் பற்றிய இறுதித் தீர்ப்பை வெளியிட்டார். நம் நாட்டில் பணிபுரிய வரும் குருக்கள் ஒவ்வொருவரும் அத்தீர்ப்பை மீறுவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கடவுள் பெயரால் ஓலையில் ஆணையிட்ட ஒருவரின் வழியைத் தடுக்க, கடவுள் பெயராலேயே இன்னோர் ஆணை. சுமார் இருநூறு ஆண்டுகள் மதுரைக்கு வந்த குருக்கள் அதைச் செய்துவிட்டே பணி தொடங்கினர். 1940-ஆம் ஆண்டு அந்தச் சத்தியப் பிரமாணம் நீக்கப்பட்டது.